பதினொரு நாள் பிரயாணம்

திருவனந்தபுரம் விமான நிலையம் அரபிக் கடலோரத்தில், சங்குமுகம் கடற்கரையை ஒட்டி அமைந்திருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்தில், 1932-இல், கோதவர்ம ராஜாவின் முயற்சியால் உருவான இடம் இது. 1935-இல் டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் இங்கே வந்து இறங்கியது. 1991-இல் இது பன்னாட்டு விமான நிலையமாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று விமான நிலையம் இல்லை. ஆகவே நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் பிழைப்புக்காகச் சென்ற விசுவாசிகள் அநேகருக்கு இதுவே தாய்வீட்டின் வாசல்.

இங்கிருந்து சென்னை விமான நிலையம் ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 610 கிலோமீட்டர். கடலுக்கு நடுவேயுள்ள மாலத்தீவின் தலைநகர் மாலேயும் ஏறக்குறைய அதே தூரந்தான். கொழும்பு விமான நிலையமோ சுமார் 360 கிலோமீட்டர். சென்னையைவிட வெகு அருகில் இருக்கிறது. சென்னையிலிருந்து விமானம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகிறது. அதே பிரயாணத்துக்கு ரயிலில் ஓர் இரவும் அதற்கு மேலும் வேண்டும். மலைத்தொடரை விமானம் கடந்து செல்கிறது, ரயிலோ சுற்றிக்கொண்டு வருகிறது. அப்படியானால் தூரம் என்பதை எதைக்கொண்டு அளப்பது?

சில ஆண்டுகளுக்கு முன், மார்த்தாண்டத்தில் அம்மா சுகவீனமாய்ப் படுத்திருக்கிறார்கள் என்று அதிகாலையில் தொலைபேசி வந்தது. சென்னையில் கிடைத்த முதல் விமானத்தில் ஏறினேன். விமானப் பயணம் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து வீட்டுக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று நெரிசலில் ஊர்ந்த வாடகைக் கார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. இன்று கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலை அந்தக் கஷ்டத்தைப் பெரிதும் குறைத்திருக்கிறது.

நான் உள்ளே நுழைந்தபோது அம்மா கண் திறந்து, "இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்த மக்களே?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வி என்னைக் குத்திற்று. அன்று ஐந்து மணி நேரத்தில் வந்துசேர்ந்த நான், அதற்கு முன் மூன்று ஆண்டுகளாக வராமலிருந்தேன். வேலை, பிள்ளைகளின் படிப்பு, சபை காரியங்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. "ரொம்ப தூரம் அம்மா" என்று எத்தனையோ தரம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். நான்காம் நாள் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்குப் பதினொரு நாள் பிரயாணம் என்று உபாகமம் முதலாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆயினும் இஸ்ரவேலர் வாக்குத்தத்த தேசத்தில் பிரவேசிக்க நாற்பது வருஷங்கள் சென்றன. வழி நீண்டுவிடவில்லை, அவிசுவாசமும் கீழ்ப்படியாமையுமே அவர்களை வனாந்தரத்தில் நிறுத்திவைத்தன.

பிரியமானவர்களே, உங்கள் வீடு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதல்ல, கடைசியாக எப்போது போனீர்கள் என்பதே கேள்வி. பெற்றோரைக் கனம்பண்ணும்படி கற்பித்த தேவன், தொலைபேசியில் நலம் விசாரிப்பதோடு நாம் திருப்தியடைய விரும்புவாரா? வழி திறந்திருக்கும்போதே புறப்படுங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.