1080 டிஐயா, 2080ஆ? எலுவன்குளத்தில் போட்ட ஒரு கணக்கு

எங்களிடம் இருந்தது எழுபதாயிரம் ரூபா. மூன்று பேருடைய காசு. ஒருவன் இறால் பண்ணையில் இராக்காவல் நின்றது, ஒருவன் லீவுக்கு வரும்போதெல்லாம் ஓ.எல் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிச்சது, மற்றவன் மகாபொலவில் மிச்சம் பிடிச்சது. இந்தக் காசை வைத்து எட்டு வருசம் பழைய கிராபிக்ஸ் காட் ஒன்றை வாங்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னபோது என்ன நடந்திருக்கும் என்று எழுதத் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கும்.

எலுவன்குளம் எங்கே என்று கம்பஸில் கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது, "வில்பத்து தொடங்கிற இடம்." புத்தளத்திலிருந்து வடக்கே வந்து, ரோட்டு காட்டுக்குள் போக முன்னம், கலா ஓயா கடலேரியில் விழும் பக்கம். கண்டல் காடு, மீன், இறால், யானை. இரவில் யானைவெடிச் சத்தம் கேட்டால் ஹெட்செட்டைக் கழற்றி விட்டு, அது கேமுக்குள்ளா வெளியிலா என்று பார்க்க வேண்டிய ஊர். எங்களில் இரண்டு பேர் கலைப்பீடம், இரண்டாம் வருசம். மூத்தவன் கம்பஸ் கிடைக்காமல், கொரியன் மொழிச் சோதனை பாஸ் பண்ணிவிட்டு அழைப்புக்குக் காத்திருக்கிறான். கொம்பியூட்டர் இருப்பது அவன் வீட்டில். சீமெந்துச் சுவரும், ஒழுகாத கூரையும் உள்ள அறை அங்கேதான் இருந்தது.

முன்பு அதில் இருந்தது ஜிடிஎக்ஸ் 750 டிஐ. 60 வொட் குடிக்கிற சின்னக் காட், தனியாகக் கரண்ட் வயர்கூடக் கேட்காது. போன வருசம் ஐப்பசி மின்னலில் செத்துப் போனது. செத்ததற்குப் பிறகுதான் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ஐ டவுன்லோட் பண்ணி முடித்தோம். இரண்டு மாத டேட்டா அது. மூத்தவன் சொன்னான்: "நான் போக முன்னம் இத முடிக்கோணும் மச்சான்."

தேடினதில் எங்கள் காசுக்குள் வந்தவை இரண்டு. புத்தளம் டவுனில் ஒருவரிடம் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, ஐம்பத்தையாயிரம். சிலாபத்தில் ஒருவரிடம் ஆர்டிஎக்ஸ் 2080, எழுபதாயிரம். பதினையாயிரம் வித்தியாசம். இரண்டுமே ஒரு காலத்தில் எங்களுக்குக் கனவில் மட்டும் கிடைத்தவை. 1080 டிஐ வந்தது 2017 மார்ச்சில், 699 டொலருக்கு. அப்போது ஒரு டொலர் 150 ரூபா அளவில். வரி, கப்பல் எல்லாம் சேர முன்னமே லட்சத்தைத் தாண்டும். 2022 மே மாதம் டொலர் 360ஐத் தொட்ட காலத்தில் புதுக் காட் என்ற பேச்சே எங்கள் பக்கம் அடிபடவில்லை. 13 மணி நேரம் கரண்ட் வெட்டின நாட்களும் அந்த வருசத்தில்தான். காட் இருந்திருந்தாலும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கத்தான் முடியும்.

காகிதத்தில் பார்த்தால் 1080 டிஐதான் பெரிய ஆள். 3,584 கூடா கோர், 11 ஜிபி மெமரி, 352 பிட் பாதை. 2080இல் 2,944 கோர், 8 ஜிபி, 256 பிட். ஒன்றரை வருசம் பிந்தி வந்த காட்டில் மெமரி குறைவு என்பது எங்களுக்கு முதலில் விளங்கவே இல்லை. 2018 செப்டம்பரில் 2080 வந்தபோது உலகத்தில் எல்லோரும் திட்டினதும் இதற்காகத்தான். அன்றைய கேம்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம்; என்விடியா தானே விற்ற மொடலின் விலையோ 799 டொலர். நூறு டொலர் கூடக் கொடுத்து அதே வேகத்தை வாங்குவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அந்த வருசத்துக்கு.

இந்த வருசத்துக்குக் கேள்வி வேறு. 2080க்குள் 1080 டிஐயில் இல்லாத இரண்டு வகைக் கோர்கள் இருக்கின்றன. ஒன்று ஒளிக்கதிரைக் கணக்குப் பண்ணுவது, மற்றது டிஎல்எஸ்எஸ் என்ற வித்தைக்கு. கேமைச் சின்ன அளவில் வரைந்து விட்டு, பயிற்றுவிக்கப்பட்ட ஒரு மொடலை வைத்துப் பெருப்பிக்கிறது. 2080 வெளிவந்த நேரம் இதைப் பாவிக்க கேமே இல்லை. இப்போது இந்த மாதிரி வித்தையை எதிர்பார்த்தே சில கேம்கள் வருகின்றன. 2023இல் வந்த ஆலன் வேக் 2 மெஷ் ஷேடர் என்ற ஒன்றை எதிர்பார்த்தது. 1080 டிஐயின் பாஸ்கல் தலைமுறைக்கு அது தெரியாது. வெளிவந்த நேரம் இந்த ராஜா காட் அதில் தவழ்ந்தது. பிறகு ஒரு அப்டேட்டில் கொஞ்சம் நிமிர்ந்தது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அதைவிடக் கறார்: ஒளிக்கதிர் கோர் இல்லாத காட்டை வாசலிலேயே நிற்பாட்டும். 11 ஜிபி இருந்தும் உள்ளே போக ஏலாது. 8 ஜிபி உள்ள 2080, செட்டிங்ஸைக் குறைத்துக்கொண்டு உள்ளே போகும்.

அதோடு 2025 ஒக்டோபருடன் பாஸ்கல் காட்களுக்குப் புதிய கேம்களுக்கான ட்ரைவர் நிறுத்தம் என்று என்விடியா அறிவித்திருந்தது. 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். அதற்காகக் காட் அடுத்த நாள் செத்துப்போகாது. பழைய கேம் எல்லாம் ஓடும். ரெட் டெட் 2 ஓடும், ஜிடிஏ 5 ஓடும், விட்சர் 3 ஓடும். எங்களுடைய மொனிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். அதற்கு 1080 டிஐயே தேவைக்கு மேல்.

இங்கேதான் சண்டை. படிக்கிற நாங்கள் இரண்டு பேரும் 1080 டிஐ என்றோம். மிஞ்சும் பதினையாயிரத்தை மூத்தவனுக்கே திருப்பிக் கொடுக்கலாம். மெடிக்கல், டிக்கட் என்று அவனுக்கு முன்னால் செலவு வரிசையில் நிற்கிறது. அவன்தான் 2080 வேணும் என்று நின்றான். "போறவன் நான்டா. உனக்கேன் என்ட காசில இரக்கம்?" என்று கேட்டான். எங்களிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் மூன்று பேரும் மெமரி பாதை 352 பிட்டைப் பற்றிக் கதைத்தோம்.

வீட்டுக்காரரின் கேள்வி வேறு: பில். மூத்தவனின் உம்மா காட்டின் பெயரைக் கேட்கவில்லை, "எத்தின யூனிட் ஓடும்?" என்றுதான் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். பிறகு குறைந்தது, திரும்ப ஏறியது. கட்டணம் படிப்படியாக இருப்பதால் மாதம் 60, 90, 120 என்று ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் அடுத்த யூனிட்டின் விலையே மாறும். கொப்பியில் போட்டுப் பார்த்தோம். 1080 டிஐ 250 வொட். நாளுக்கு நாலு மணித்தியாலம் என்றால் ஒரு யூனிட், மாதம் 30. 2080 215 வொட். மாதம் 26 அளவில். காட்டுக்கும் காட்டுக்கும் வித்தியாசம் நாலு யூனிட்தான். ஆனால் எந்தக் காட்டையும் ஆஃப்டர்பர்னரில் எழுபது வீதத்துக்குக் கட்டி, கேமை 60 பிரேமில் பூட்டி வைத்தால் மிச்சமாவது அதைவிட எவ்வளவோ கூட. அப்படிக் கட்டினாலும் 60 ஹெர்ட்ஸ் மொனிட்டரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதை ஏன் ஒரு ரிவியூவிலும் முதல் வரியில் சொல்வதில்லை என்று எங்களுக்குக் கோபம். அவர்களுடைய உம்மாமார் மீட்டர் பார்ப்பதில்லை போல.

நுரைச்சோலை 900 மெகாவொட் நிலக்கரி நிலையம் எங்கள் மாவட்டத்தில்தான். நாங்களோ லைனின் கடைசி. பின்னேரம் ஏழு மணிக்கு பல்ப் மஞ்சளாகும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு மின் உபநிலையத்துக்குள் போனதில் நாடே இருண்டு, நுரைச்சோலையும் நின்று, அடுத்த நாட்களிலும் வெட்டு நடந்ததே, அன்றிலிருந்து ஸ்டெபிலைசர் இல்லாமல் ஒன்றும் பொருத்துவதில்லை என்று முடிவு. காட் வாங்கும் பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் நேரில் போய்ப் பார்த்தோம். புத்தளத்துக்காரர் ஐந்து நிமிசத்துக்கு மேல் ஓட விடவில்லை. விசிறியில் ஒரு கிறுகிறுப்பு. பின் தகட்டில் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக்காற்று ஊரில் அது புதினமில்லை, எங்கள் சைக்கிளும் அப்படித்தான். ஆனால் திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தன. மைனிங் ஓடினதா என்று கேட்டோம். இல்லை என்றார், கொஞ்சம் அவசரமாக. 2022 செப்டம்பரில் எதேரியம் காட் தேவையில்லாத முறைக்கு மாறின பிறகு மைனிங் காட்கள் உலகம் முழுக்க இப்படித்தான் சந்தைக்கு வந்தன. மைனிங் காட் எல்லாமே பழுது என்று நாங்கள் சொல்லமாட்டோம். வோல்ட்டேஜைக் குறைத்து ஒரே சூட்டில் ஓடினது, தினமும் சூடாகி ஆறிக்கொண்டிருந்த கேம் காட்டைவிட நல்லாயும் இருக்கலாம். தேய்வது விசிறியும் பேஸ்டும்; அவற்றை மாற்றலாம். ஆனால் கேட்டதற்கு ஒரு நேர்ப் பதில் வேணும்.

சிலாபத்துக்காரர் அரை மணித்தியாலம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட விட்டு, பிளேன்டியும் தந்தார். சூடு 78இல் நின்றது, கோடு புள்ளி ஒன்றும் வரவில்லை. அறுபத்தேழுக்கு இறங்கினார். திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தது மூத்தவன். மூவாயிரம் மிஞ்சியது, ஸ்டெபிலைசருக்குக் காணாது, கடன் வாங்கினோம்.

இப்போது ரெட் டெட் 2இல் நாலாம் அத்தியாயம். ஆள் மாறி ஆள் விளையாடுகிறோம், மூத்தவனுக்கு மட்டும் ஒரு முறை கூட. மீட்டரை உம்மா ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கலண்டரில் எழுதுகிறார். போன மாதம் 88. அழைப்பு இன்னும் வரவில்லை. அவன் போனால் கொம்பியூட்டரை எந்த வீட்டில் வைப்பது என்று மூன்று பேரும் இன்னும் கதைக்கவில்லை.