ஒலிக்கு முந்தைய நொடி

சிம்பொனிக்கு ஒளியைத் துணை சேர்ப்பது ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்துக்குப் பழகிய காரியம். 1979இல் ஆர்ஸ் எலெக்ட்ரானிக்கா விழா தொடங்கியபோதே, டான்யூப் நதிக்கரையில் திரண்ட மக்களுக்கு ப்ரூக்னரின் 8ஆம் சிம்பொனியை ஒளிக்காட்சியோடு வழங்கினார்கள். அதே ஊரில் நான் போய் உட்கார்ந்த ஒத்திகையில், திரையில் ஓடும் காட்சியை அந்தந்தக் கணமே உருவாக்கியது செயற்கை நுண்ணறிவு. இசை, பீத்தோவனின் 5ஆம் சிம்பொனி.

வயலின், செல்லோ, பித்தளைக் குழல்கள், டிம்பனி முரசு என ஒவ்வொரு வரிசைக்கும் மைக். வரும் ஒலியைக் கணினி கீழ்ச்சுருதி, மேற்சுருதி, உரப்பு எனப் பிரிக்கிறது. பாறை, பனி, நீர் என ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி முன்பே பழக்கிய மாதிரி ஒன்று அதில் இருக்கிறது. ஸ்டைல்கேன் போன்ற பட உருவாக்க மாதிரிகளுக்கு ஒரு படம் என்பது 512 எண்களின் சேர்க்கை. எண்கள் சற்றே நகர்ந்தால் பாறை மெல்லப் பனியாகும். அந்த எண்களை இசை நகர்த்துகிறது. நொடிக்கு 60 படம் என்றால், ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடி.

கணினி முன் இருந்த இளம்பெண் திரையை அதிகம் பார்க்கவில்லை. மடியில் இசைக்குறிப்புப் புத்தகம், கண் இசை நடத்துநரின் கையில், விரல் காட்சியைக் கட்டுப்படுத்தும் நகர்த்துவிசையில். காரணம் முதல் வரியிலேயே இருக்கிறது. அந்தச் சிம்பொனி மௌனத்தில் தொடங்குகிறது. நடத்துநரின் கை இறங்கும்போது ஒலி இல்லை. அதன் பிறகுதான் மூன்று குறுஞ்சுரம், ஒரு நெடுஞ்சுரம். நெடுஞ்சுரம் எவ்வளவு நீளும் என்பது அவர் விருப்பம். தாளம் மாறாத நடன இசையில் அடுத்த அடியைக் கணினி கணித்துவிடும். இங்கே முடியாது. ஒலித்த பிறகே மைக்குக்குத் தெரியும். அவளுக்கோ கை உயரும்போதே தெரிகிறது.

புத்தகத்தில் நீட்டல் குறிகளைச் சிவப்பிலும், எந்திரத்தை அடக்க வேண்டிய இடங்களை நீலத்திலும் வட்டமிட்டிருந்தாள். இரண்டாம் பகுதியில் வயோலாவும் செல்லோவும் பாடத் தொடங்கியபோது, மற்ற மைக்குகளின் பிடியைத் தளர்த்தி அவற்றிடமே காட்சியை ஒப்படைத்தாள்.

மூன்றாம் பகுதியின் முடிவில்தான் அவள் தேர்ச்சி முழுதாகப் புலப்பட்டது. தந்திகள் நீண்ட சுரத்தைப் பிடித்திருக்க, டிம்பனி மிக மென்மையாகத் தட்டிக்கொண்டே போகும். மைக்குக்கு அது வெறும் குறைந்த ஒலி. இடைவெளியின்றி வெடிக்கப்போகும் நான்காம் பகுதியும், இதுவரை வாய் திறக்காத டிராம்போன்களும் அவள் மனத்தில் இருந்தன. அதுவரை முழு வெளிச்சத்தை ஒருமுறைகூடக் கொடுக்காமல் சேமித்து வைத்திருந்தாள். டிராம்போன்கள் எழுந்த கணத்தில் விசையை மேலே தள்ளினாள். திரை முழுக்கப் பனி உடைந்து நீரானது.

படத்தை வரைந்தது எந்திரம். எங்கே பொறுப்பது, எங்கே விடுவது என்று அறிந்தது இசைக்குறிப்பை மனப்பாடமாக வைத்திருந்த மனுஷி. நிகழ்ச்சிக் கையேட்டில் கடைசி வரிசை வயலின்காரர் பெயர்வரை அச்சிடுகிறார்கள். அந்தப் பட்டியலில், வாத்தியக்காரர்களோடு சேர்த்தே, இவள் பெயரும் இடம்பெற வேண்டும்.