அமைதியாகக் கிடக்கும் நோயாளி

வைகாசி 9

இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சைக்குட்பட்ட அத்தானைப் பார்க்க இன்று மாலை குடாநாட்டு வைத்தியசாலையொன்றுக்குச் சென்றேன். பக்கத்துக் கட்டில் முதியவர் சேலைன் குழாயைப் பிடுங்கி, தோட்டத்துக்கு இறைக்கப் போக வேண்டுமென்று கூவி, இல்லாத மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபடியால் வாட்டிலுள்ளோர் அனைவரும் அவரையே சூழ்ந்து நின்றனர். அத்தானோ அரைக்கண் மூடி, கேட்டதற்கு ஒரு சொல்லில் விடையிறுத்து, யாருக்கும் உபத்திரவமில்லாத உத்தமராகக் கிடந்தார். தாதியருக்குப் போதித்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த உத்தமத்தனமே பயத்தை விளைத்தது.

“முந்தநாள் வரைக்கும் பேப்பர் வாசிச்ச மனுசன். அறளை பேர்ந்திட்டுதோ, தங்கச்சி?” என்றார் அக்கா.

அறளை மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் மெல்ல வருவது. சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் தோன்றி, காலையில் தெளிந்து மாலையில் கலங்குவது சித்தக் கலக்கம். கிருமித்தொற்று, நீரிழப்பு, உப்புக் குறைவு, மருந்து, மலச்சிக்கல் என அதற்குக் காரணம் பல. கூச்சலிடுவோர் உடனே கண்டுகொள்ளப்படுகின்றனர். ஒடுங்கிக் கிடப்போரே பெரும்பாலும் தவறவிடப்படுகின்றனர்.

வைகாசி 10

எடின்பரோவில் மக்லலிச் என்னும் முதியோர் வைத்திய நிபுணரும் சகாக்களும் 2011இல் வகுத்த ‘4ஏடி’ பரிசோதனையைப் பற்றி வாட்டுத் தாதியான மிஸ்ஸியிடம் சொன்னேன். விழிப்புநிலையை நோக்கி, வயது, பிறந்த திகதி, இருக்குமிடம், நடப்பு வருஷம் ஆகியவற்றை வினவி, மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் செய்து, நிலைமை திடீரென மாறியதா என விசாரித்தால் போதும். நான்கு புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் சித்தக் கலக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். அத்தான் “மார்கழி, கார்த்திகை, ஐப்பசி” என்று வந்து, மறுபடி கார்த்திகைக்கே திரும்பி, அங்கேயே தங்கிவிட்டார்.

வைத்தியர் வந்து பார்த்தபோது நீர்ப்பை நிரம்பியிருந்தது. நோவு மருந்தினால் மலமும் கட்டியிருந்தது.

1847இல் இங்கு வந்து, பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் போதித்த கிறீன் வைத்தியர் பணியாற்றிய இந்நாட்டில், நோயாளிக் குறிப்பேடு இன்றும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. “முந்தநாள் இப்படியில்லை” என்று அக்கா தமிழிற் சொன்னதே முதன்மையான சாட்சியம். அது எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

வைகாசி 12

அத்தான் தெளிந்து வருகிறார். காணாமற் போய்விடுமென்று வீட்டில் விட்டுவந்த மூக்குக் கண்ணாடியை அக்கா கொணர்ந்தார். இது அற்பச் செய்தியன்று: அமெரிக்காவில் எழுபதும் அதற்கு மேலும் வயதான 852 நோயாளரைக் கொண்டு ஷரன் இனூயி 1999இல் வெளியிட்ட ஆய்வில், கண், காது, நித்திரை, நடமாட்டம், தண்ணீர், இடகால நினைவூட்டல் ஆகியவற்றைக் கவனித்த பிரிவில் நூற்றுக்கு 9.9 பேருக்கும், வழமைப் பராமரிப்பில் 15 பேருக்கும் சித்தக் கலக்கம் கண்டது. கையைக் கட்டிலோடு கட்டுவதோ கலக்கத்தை வளர்க்கும்.

இரவில் ஒரு வாட்டையே சுமக்கும் தாதியிடம் நீண்ட படிவங்களை நீட்டுவது நியாயமன்று. கடமை மாறும்போது, உறவினர் சொன்ன மாற்றத்தை ஒரு வரியில் அடுத்தவரிடம் ஒப்படைக்கும்படி கேட்கலாம். மூன்று வேளையும் நோயாளியைக் காண்பவர் தாதியரே அன்றி வைத்தியரல்லர்.

இன்று பார்வையாளர் நேரத்தில் மிஸ்ஸி பக்கத்துக் கட்டிலாரின் மகனைத் தனியே அழைத்து, “ஐயா வீட்டில எப்படி இருந்தவர்?” என்று கேட்டார். நாள்தோறும் சாராயம் குடித்தவர், வாட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு துளியும் இல்லை என்றான். அதை எழுதிக்கொண்டு அவர் வைத்தியரிடம் விரைந்தார்; மாலைக்குள் தயமின் ஊசியும் ஏற்ற மருந்தும் தொடங்கின.