பல் முளைக்கும் வயது

காலை ஐந்தே முக்கால். கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடல் பக்கம். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட லாயம். எட்டுக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு தலை. எட்டும் ஒரே திசையைப் பார்க்கின்றன. அங்கே அண்டாவில் கொள்ளு வேகிறது. வகுப்புகள் முடிந்த பிறகுதான் அது கிடைக்கும். குதிரைகளுக்கும் அது தெரியும். பார்ப்பதை நிறுத்துவதில்லை.

சுவரில் ஒரு கரும்பலகை. இடப்பக்கம் குதிரைகளின் பெயர்கள், வலப்பக்கம் பிள்ளைகளின் பெயர்கள். குதிரைகளுடையது வெள்ளைப் பெயின்ட். பிள்ளைகளுடையது சாக்பீஸ். கடைசி வரியில் மட்டும் இரண்டு பக்கமும் சாக்பீஸ். கருப்பட்டி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

பலகைக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு செய்தித்தாள் துண்டு. 2023, ஹாங்சோ ஆசிய விளையாட்டு. டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம். குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம் அது. வகுப்புக்கு வரும் அப்பாக்கள் எல்லோரும் அதன் முன் ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். பிள்ளைகள் நிற்பதில்லை. நேராக லாயத்துக்கு ஓடுகிறார்கள்.

கருப்பட்டி மட்டக்குதிரை. உயரம் 12 கை. ஒரு கைக்கு 4 அங்குலம். வயது நாலரை. நெற்றியில் ஒரே ஒரு சுழி. குதிரைக்கார அண்ணா தினமும் அந்தச் சுழியைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்.

அதன் முன்னால் ஒரு சிறுமி. வயது ஏழு. தலைக்கவசம் புருவம் வரை இறங்கியிருக்கிறது. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் இல்லை. 'சார்' என்று கூப்பிடும்போது முதல் எழுத்தில் காற்று போகிறது.

முதலில் குளம்பு. அண்ணா முன்னங்காலை மேலிருந்து கீழாகத் தடவுகிறார். கருப்பட்டி உடனே காலைத் தூக்கித் தருகிறது. சிறுமியும் அதேபோலத் தடவுகிறாள். கால் அசையவில்லை. மறுபடியும் தடவுகிறாள். கருப்பட்டி சவுக்கு மரத்தைப் பார்க்கிறது.

"தோள்ல சாஞ்சு நில்லு பாப்பா. பாரத்த அந்தப் பக்கத்துக் காலுக்கு மாத்திக்கும்."

சாய்கிறாள். கருப்பட்டியும் அவள் மேல் சாய்கிறது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார்கள். பிறகு கால் எழுகிறது. கொக்கி மணலைச் சுரண்டுகிறது. குளம்பின் நடுவில் இருக்கும் முக்கோண மென்பகுதியைத் தொடாமல் சுற்றிச் சுற்றிச் சுரண்டுகிறது. ஒரு சின்னக் கருங்கல் சில்லு விழுகிறது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறாள்.

சேணம். வயிற்று வாரை இறுக்கும்போது கருப்பட்டி மூச்சை இழுத்து வயிற்றை உப்புகிறது. அண்ணா ஒன்றும் சொல்லாமல் இரண்டடி நடத்துகிறார். மூச்சு வெளியே வருகிறது. வார் இன்னும் இரண்டு துளை ஏறுகிறது.

கடிவாளம். கருப்பட்டி பற்களைக் கடித்துக்கொள்கிறது. தலை மேலே போகிறது. அண்ணா கட்டைவிரலை வாயோரத்தில் நுழைக்கிறார். வாய் திறக்கிறது. இரும்பு உள்ளே போகிறது. கருப்பட்டி அதை மெல்கிறது, தலையை ஒரு பக்கமாகத் திருகுகிறது, மறுபடி மெல்கிறது. அண்ணாவின் கை ஒரு நொடி நிற்கிறது. அதற்குள் அடுத்த குதிரைக்குக் கூப்பிடுகிறார்கள்.

மணல் களம். நீளம் 40 மீட்டர், அகலம் 20. வேலியோரம் கவிழ்த்த பெயின்ட் டப்பாக்கள், அவற்றின் மேல் எழுத்துகள். ஏ, கே, ஈ, ஹெச், சி, எம், பி, எஃப். பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை இல்லை. பிள்ளைகள் இதையும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

நடுவில் கோச் சார். குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். குதிரைகள் சுற்றச் சுற்ற, நின்ற இடத்திலேயே குதிகாலில் திரும்புகிறார். அந்த இடத்தில் மணல் குழிந்திருக்கிறது.

ஐந்து குதிரைகள் வரிசையாக. முன்னால் ராணி. ஒரு காலத்தில் கிண்டிப் பந்தயத்தில் ஓடியவள். இப்போது வயது பத்தொன்பது. பின்னால் சுல்தான், அதன் பின் இன்னும் இரண்டு. கடைசியில் கருப்பட்டி. அதன் தலைக்கயிறு அண்ணாவின் கையில்.

"வாக் ஆன்."

ராணி நடக்கிறாள். அவள் மேல் இருக்கும் பையனின் கால்கள் அதற்கு அப்புறம்தான் அவள் வயிற்றைத் தொடுகின்றன. சாரின் குரல் முடிவதற்குள் மற்றக் குதிரைகளும் கிளம்பிவிடுகின்றன. பிள்ளைகள் லகானைச் சரிசெய்துகொள்கிறார்கள்.

"ஹீல்ஸ் டவுன். நிமிர்ந்து உட்காரு. எங்கே போகணுமோ அங்கே பாரு."

இந்த மூன்று வாக்கியங்கள் மாறி மாறி வருகின்றன. ஐந்து ஜோடிக் குதிகால்கள் இறங்குகின்றன. அரைச் சுற்றில் ஐந்தும் ஏறிவிடுகின்றன.

"டிராட்."

பெருநடை. இரண்டு தாளம். எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து எழுந்து சேர்ந்து இறங்குகின்றன. ஒரு தாளத்துக்கு எழ வேண்டும், அடுத்ததற்கு உட்கார வேண்டும். ராணியின் மேல் பையன் எழுந்து உட்காருகிறான். கருப்பட்டியின் மேல் சிறுமி உட்காரும்போது சேணம் எழுகிறது. அவள் எழும்போது அது இறங்குகிறது.

'ஈ' டப்பா அருகே கருப்பட்டி தலையை மேலே வீசுகிறது. லகான் நழுவுகிறது. சிறுமி பிடித்து இழுக்கிறாள். தலை இன்னும் உயரே போகிறது. கருப்பட்டி வளைவை வெட்டிக்கொண்டு சுல்தானின் வாலுக்குள் மூக்கை விடுகிறது. சுல்தானின் காதுகள் பின்னால் மடிகின்றன.

"ஒரு குதிரை இடைவெளி! இழுக்காதே!"

அடுத்த சுற்று. 'ஈ' டப்பா. அதே வீச்சு, அதே இழுப்பு. அதற்கடுத்த சுற்றிலும்.

வேலிக்கு வெளியே அம்மா நிற்கிறார். அவர் கைகள் இல்லாத லகானை இழுக்கின்றன. அப்பா கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். நாலாவது தடவை தலை எகிறும்போது கைபேசியைக் கீழே இறக்கிவிடுகிறார்.

கோச் சார் கையைத் தூக்குகிறார். ஐந்து குதிரைகளும் நிற்கின்றன. அவர் குழியை விட்டு வெளியே வருகிறார்.

சேணத்தின் அடியில் கை விட்டுப் பார்க்கிறார். வயிற்று வாரைப் பார்க்கிறார். கன்னத்து வாரைப் பார்க்கிறார். திட்டவில்லை. குச்சியையும் எடுக்கவில்லை. அண்ணாவைப் பார்க்கிறார்.

"காலையில மாட்டறப்பவே மென்னுச்சு சார்."

அண்ணா உதட்டைத் தூக்குகிறார். கோச் சார் சட்டைப் பையில் இருந்து படிக்கும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். கீழ்த்தாடையில் நடுப்பற்கள் நாலும் அகலமாக, மஞ்சளாக இருக்கின்றன. இரண்டு ஓரப்பற்களும் சிறியவை, வெள்ளை. பால்பற்கள். அண்ணா ஒன்றை விரலால் தொடுகிறார். ஆடுகிறது. அதற்குப் பின்னால், கடிவாள இரும்பு கிடக்கும் பல்லில்லாத இடைவெளியில், ஈறு சிவந்து வீங்கியிருக்கிறது. வீக்கத்தின் உச்சியில் வெள்ளையாக ஒரு முனை.

"கோரைப்பல் வருது சார்."

ஆண் குதிரைக்கு நாலு வயதுக்கும் ஐந்துக்கும் நடுவில் அது முளைக்கும். பெரும்பாலான பெண் குதிரைகளுக்கு முளைப்பதே இல்லை. ராணிக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது.

சிறுமி இறங்குகிறாள். வலக்காலைப் பின்பக்கமாகச் சுழற்றி, வயிற்றில் சரிந்து, மணலில் குதிக்கிறாள். இறங்குவது மட்டும் அவளுக்கு நன்றாக வருகிறது. அண்ணாவின் முழங்கைக்கு அடியில் தலையை நுழைத்து வாய்க்குள் பார்க்கிறாள். அவளுடைய நாக்கு முன்பல் இருந்த இடத்துக்குப் போகிறது.

"வலிக்குமாண்ணா?"

"உனக்கு வலிச்சுதா?"

யோசிக்கிறாள்.

"முறுக்கு தின்னா வலிச்சுது."

அண்ணா வாயிரும்பைக் கழற்றுகிறார். அதில் எச்சில் நூலாகத் தொங்குகிறது. சட்டை நுனியில் துடைத்துத் தோளில் போட்டுக்கொள்கிறார். தலைவார் மட்டும் மிஞ்சுகிறது. அதன் இரண்டு பக்க வளையங்களில் லகானை முடிச்சுப் போடுகிறார். இனி இழுத்தால் மூக்கின் மேல்தான் அழுத்தும். தலைக்கயிற்றை இரண்டு சுற்றுக் குறைத்துப் பிடிக்கிறார்.

இதற்குள் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். சுல்தான் ஒரு பின்னங்காலைத் தளர்த்திக் குளம்பின் நுனியில் நிறுத்திக்கொள்கிறது. அதன் மேல் இருக்கும் பிள்ளை கொட்டாவி விடுகிறது. ராணி கால்களை அகட்டி மூத்திரம் பெய்கிறாள். வெகு நேரம் பெய்கிறாள். வகுப்பு முழுவதும் அதைக் கவனிக்கிறது.

"ஏறு. நிறுத்தணும்னா கையால இல்ல. நிமிந்து, அழுத்தி உக்காரு. மூச்ச விடு. ஹோன்னு சொல்லு."

மறுபடியும் நடை. கருப்பட்டியின் தலை இறங்குகிறது. கழுத்து நீள்கிறது. ஒரு காது முன்னால் ராணியின் பக்கம், இன்னொன்று பின்னால் சிறுமியின் பக்கம். 'ஈ' டப்பா வருகிறது. சிறுமியின் விரல்கள் இறுகுகின்றன, பிறகு அவளாகவே தளர்த்துகிறாள். டப்பா போய்விடுகிறது.

"டிராட்."

எழுகிறாள், மோதுகிறாள். எழுகிறாள், மோதுகிறாள். தலைக்கவசம் கண்ணில் இறங்குகிறது. 'சி'யைத் தாண்டும்போது ஒரு தாளம் பொருந்துகிறது. எழுகிறாள், உட்காருகிறாள், எழுகிறாள், உட்காருகிறாள். அண்ணா கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடுகிறார். 'பி' அருகே தாளம் போய்விடுகிறது. மறுபடியும் மோதல்.

கோச் சார் ஒன்றும் சொல்லவில்லை. குதிகாலில் திரும்புகிறார். இன்னொரு சுற்று விடுகிறார். அதற்குப் பிறகு இன்னொன்று.

ஏழு மணி. வெயில் சவுக்குக்கு மேலே வந்துவிட்டது. சேணம் இருந்த இடத்தில் வேர்வை கறுப்பாகப் படிந்திருக்கிறது. அண்ணா குழாயைத் திறந்து முதலில் கால்களில் தண்ணீர் விடுகிறார். அப்புறம்தான் மேலே.

அம்மா கேரட் கொண்டுவந்திருக்கிறார். அண்ணா அதை வாங்கிப் பேனாக்கத்தியால் மெல்லிய வில்லைகளாகச் சீவுகிறார். சிறுமி உள்ளங்கையைத் தட்டையாக விரித்து நீட்டுகிறாள். தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது குதிரையின் கண்ணுக்குப் படாது. உதடுதான் தேடுகிறது. மீசை மயிர் கையில் உரசுகிறது. ஒரு வில்லை போகிறது, அடுத்தது போகிறது. கருப்பட்டி வாயின் இடது பக்கமாகவே மெல்கிறது.

கோச் சார் கைபேசியில் கால்நடை மருத்துவரிடம் பேசிக்கொண்டே பலகைக்கு வருகிறார். கருப்பட்டிக்கு நேரே அடுத்த வகுப்புக்கு எழுதியிருந்த பெயரைப் புறங்கையால் அழிக்கிறார். 'டாக்டர் பார்க்கிற வரைக்கும் இரும்பு கூடாது' என்று எழுதுகிறார். சாக்பீஸ் உடைகிறது. மிச்சத் துண்டால் 'கூடாது'வின் கீழே இரண்டு கோடு போடுகிறார்.

அழிக்கப்பட்ட பெயருக்கு உரிய பையன் தலைக்கவசத்தோடு வந்து வேலியில் உட்காருகிறான். அவனுக்கு எட்டு வயது இருக்கும். களத்தில் ஏழு மணி வகுப்பு தொடங்கிவிட்டது. முன்னால் ராணி. அவன் காலால் மரக்கட்டையை உதைத்துக்கொண்டிருக்கிறான். சிறுமி பக்கத்தில் ஏறி உட்காருகிறாள்.

"அதுக்கு வாயில வலி. பல்லு வருது. இழுக்கக் கூடாது."

"இழுக்காம எப்படி நிக்கும்?"

"நிக்கும்."

"எப்படி?"

லகான் பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் வைத்துக்கொள்கிறாள். முதுகு நிமிர்கிறது. தோள் இறங்குகிறது. வேலிக் கட்டையின் மேல் அழுத்தி உட்காருகிறாள். மூச்சை முழுக்க இழுத்து, முன்பல் இல்லாத இடைவெளி வழியாக மெதுவாக விடுகிறாள்.

"ஹோ...ஓ..."

களத்தில் ராணி நிற்கிறாள். பின்னால் வந்த மூன்று குதிரைகளும் ஒன்றன் வாலில் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன.

கோச் சார் குழிக்குள் ஒரு முழுச் சுற்றுத் திரும்பிப் பார்க்கிறார்.

"யாரது?"