மண் பூசும் ஊர்

இன்றைய மாலி நாட்டில் உள்ள டிம்பக்டு நகரின் ஜிங்கரேபேர் பள்ளிவாசலைப் படத்தில் பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கழிகள்தான். மேலே போகப்போகக் குறுகும் மண்கோபுரத்தில் அவை வரிசை வரிசையாகக் கிளம்பி நிற்கும். அழகுக்காகச் செருகியவை என்று தோன்றும். அழகுக்கும்தான், ஆனால் முதல் வேலை வேறு. மழையும் மணற்காற்றும் அரித்த பூச்சைப் புதுப்பிக்கக் கொத்தனார்கள் இந்தக் கழிகளில் கால் வைத்துத்தான் மேலே ஏறுகிறார்கள். கட்டி முடித்த பிறகும் சாரத்தைப் பிரிக்கவே போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு எழுப்பிய கட்டடம் இது. நைஜர் ஆற்றங்கரை ஊர்கள் பலவற்றிலும் இதே முறைதான். களிமண்ணில் உமியும் வைக்கோலும் போட்டு, தண்ணீர் விட்டு மிதித்துக் குழைத்து, புளிக்கவிட்டு, கையாலேயே சுவரில் அறைந்து தடவுகிறார்கள். சில பருவம் கைவிட்டால் போதும், சுவர் கரையத் தொடங்கிவிடும்.

அப்படிப்பட்ட கட்டடம் ஏறக்குறைய 700 ஆண்டுகளாக நிற்கிறது. அதை எழுப்பிய பேரரசின் தலைநகரமோ இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. மாலிப் பேரரசைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என்னை இழுத்து நிறுத்துவது இந்த முரண்தான்.

பள்ளிவாசல் எழுந்த ஆண்டாக 1327 சொல்லப்படுகிறது. மாலியின் பேரரசர் மான்சா மூசா மக்காவுக்குப் போய்விட்டுத் திரும்பிய காலம் அது. 1324இல் அவர் கெய்ரோ வழியாகப் போன பயணம் பலரும் கேட்டிருக்கக்கூடிய கதை. அவர் வாரி இறைத்த பொன்னால் எகிப்தின் சந்தையில் தங்கத்தின் விலையே சரிந்தது. அதுவரை 25 திர்ஹம் வெள்ளிக்காசுக்குக் குறையாமல் போன ஒரு மித்கால் எடைத் தங்கம் 22 திர்ஹத்துக்கும் கீழே இறங்கியது என்றும், பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் விலை மீளவில்லை என்றும் அரபு வரலாற்றாசிரியர் அல் உமரி எழுதிவைத்தார். திரும்பும் வழியில் மூசாவே கெய்ரோ வணிகர்களிடம் கடன் வாங்க வேண்டி வந்தது. 1375ஆம் ஆண்டின் கத்தலான் வரைபடத்தில் பொற்கட்டியைக் கையில் ஏந்தி அமர்ந்திருக்கும் கறுப்பு அரசர் இவர்தான். உலகம் இன்றுவரை மாலியைப் பார்ப்பது அந்தப் பொற்கட்டியின் வழியாகத்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. தங்கம் கண்ணைப் பறிக்கிறது. அந்த நாட்டை நடத்தியது எது என்பதை அது மறைத்துவிடுகிறது.

மக்காவிலிருந்து மூசா தன்னோடு அழைத்து வந்தவர்களில் ஒருவர் அபூ இஸ்ஹாக் அல் சாஹிலி. கிரனாடாவைச் சேர்ந்த கவிஞர். பேரரசருக்காக அவர் குவிமாடத்தோடு ஒரு சதுரமான அரசவை மண்டபம் கட்டினார், சுண்ணம் பூசி வண்ணக் கோலங்களால் நிரப்பினார், அதற்கு 12,000 மித்கால் பொன்தூள் பரிசாகப் பெற்றார் என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் எழுதுகிறார். இன்றைய அளவில் அது ஏறக்குறைய 50 கிலோ. ஜிங்கரேபேரையும் அவரே வடிவமைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆனால் இந்தக் கட்டடக்கலை முழுவதையும் கிரனாடாக் கவிஞர் ஒருவரின் பெயரில் எழுதிவிடுவது நியாயமில்லை. நைஜர் வடிநிலத்தில் ஜென்னே ஜெனோ என்ற மேட்டில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே மக்கள் குடியேறி, பின்னர் மண் மதில் சூழ்ந்த நகரத்தையே கட்டியிருந்தார்கள். மண்ணைக் குழைக்க அவர்களுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அல் சாஹிலி 1346இல் டிம்பக்டுவிலேயே இறந்தார்.

அவருடைய கல்லறையை 1353இல் நேரில் பார்த்தவர் இப்னு பதூதா. ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு முன்பு மதுரை சுல்தானின் கொடுமைகளைக் கண்டு மனம் வெறுத்த அதே பயணிதான். 1352இல் மொரோக்கோவின் சிஜில்மாசாவிலிருந்து வணிகர் கூட்டத்தோடு சகாரா பாலைவனத்தைக் கடந்து மாலிக்கு வந்தார். அப்போது மூசா உயிரோடு இல்லை. அவருடைய தம்பி சுலைமான் அரியணையில் இருந்தார். அந்தப் பேரரசின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு மனிதர் பார்த்தும் முகஞ்சுளித்தும் வியந்தும் சொன்னதுதான்.

முகஞ்சுளிப்பிலிருந்தே தொடங்கலாம். அரசர் விருந்துப்பொருள் அனுப்பியிருக்கிறார் என்றதும் பட்டாடையும் பணமும் வரும் என்று எழுந்து நின்றார் பதூதா. வந்தவை மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, ஒரு சுரைக்குடுவையில் தயிர். சிரித்துவிட்டார். பிறகு அரசவையிலேயே முறையிட்டு வீடும் படியும் வாங்கிக்கொண்டார். ஆனால் அதே அவையின் பகட்டைச் சொல்லும்போது அவருடைய குரல் மாறுகிறது. மூன்று படி உயர்ந்த பட்டு விரித்த மேடை, அதன்மேல் பட்டுக்குடை, குடையின் உச்சியில் பொன்னால் செய்த பறவை. அரசர் மிக மெதுவாக நடந்து வருவார். அவர் அமர்ந்ததும் முரசும் கொம்பும் முழங்கும். சேணம் பூட்டிய இரண்டு குதிரைகளையும் இரண்டு செம்மறிக் கடாக்களையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கண்ணேறு படாமல் இருக்க. அரசரிடம் யாரும் நேராகப் பேச முடியாது. தூகா என்ற அவைப் பேச்சாளர் ஒருவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லை எடுத்துச் செல்வார். அழைக்கப்பட்டவர் எவ்வளவு பெரியவரானாலும் நல்ல உடையைக் கழற்றிப் பழந்துணி உடுத்து, முழங்கையைத் தரையில் ஊன்றி, மண்ணை அள்ளித் தன் தலையிலும் முதுகிலும் போட்டுக்கொள்ள வேண்டும்.

பெருநாள் அன்று தூகா தன் மனைவியரோடு வந்து, அடியில் சுரைக்குடுக்கை கட்டிய இசைக்கருவியை வாசித்துப் பாடுவார். இன்றும் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒலிக்கும் பலஃபோனின் முன்னோடி அது. அடுத்து பாணர்கள் வருவார்கள். உடலெங்கும் இறகு, தலையில் சிவந்த அலகு வைத்த மரமுகம். இந்த மேடையில் முன்பு இன்ன அரசர் இருந்தார், இன்ன நன்மை செய்தார், நீயும் அப்படிச் செய், உனக்குப் பின்னும் உன் பேர் சொல்லும்படி நட என்று அரசரின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். பதூதாவுக்கு இந்த வேடம் பிடிக்கவில்லை. எனக்கோ அந்த அவையிலேயே மிக உயர்ந்த கணம் இதுதான். மற்றவர்கள் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்ளும் இடத்தில், முன்னோரின் கணக்கை நினைவில் வைத்திருந்தவர்கள் மட்டும் அரசருக்கு அறிவுரை சொல்ல முடிந்தது.

இவ்வளவும் நடந்த நகரம் எங்கே? கினியில் உள்ள நியானிதான் அது என்று நெடுநாள் நம்பப்பட்டது. அங்கே அகழ்ந்து பார்த்தபோது பதினான்காம் நூற்றாண்டின் பெருநகரத்துக்கான தடயம் போதவில்லை. அறிஞர்கள் இன்னும் வெவ்வேறு இடங்களைச் சொல்லி வாதிடுகிறார்கள். அல் சாஹிலியின் வண்ணக் குவிமாடத்தில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. அரசரின் ஆணைக்காக மண் பூசியவர்கள் அரசர் போனதும் நிறுத்திவிட்டார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

அந்த அவையைத் தாங்கியது உப்பு. பாலைவனத்தின் நடுவே தகாசா என்ற சுரங்க ஊர்; பதூதா அங்கே கண்ட வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளத்தால் கட்டியவை, கூரை ஒட்டகத்தோல். மரம் கிடையாது. உணவு முழுவதும் வெளியிலிருந்து வர வேண்டும். மஸ்ஸூஃபா மக்களின் அடிமைகள் வெட்டியெடுத்த பாளங்களை ஒட்டகத்துக்கு இரண்டாக ஏற்றி அனுப்பினார்கள். பாலைவனத்தின் தென்விளிம்பில் உள்ள வலாட்டாவில் 8 முதல் 10 மித்கால் பொன்னுக்குப் போன ஒரு சுமை, தலைநகரில் 20, 30, சில வேளை 40 மித்கால்வரை விலை போனது. தெற்கே பொன் கிடைத்தது, உப்பு கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வழிக்கு வரி வாங்கியதுதான் மாலியின் வல்லமை. பதூதா திரும்பும்போது அவர் சேர்ந்துகொண்ட வணிகர் கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள். அவர் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

வழிப்பயணத்தில் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை என்கிறார் பதூதா. கொஞ்சம் உப்பும் கண்ணாடி மணியும் வாசனைப் பொருளும் கையில் இருந்தால் போதும். ஊரை அடைந்ததும் பெண்கள் கம்பு, பால், கோழி, அரிசி, பயற்றுமாவு என்று கொண்டுவந்து மாற்றிக்கொள்வார்கள். இந்தக் கம்பு நமக்கு வேற்றுப் பொருள் அல்ல. இன்றைய மாலியின் வடகிழக்கில் உள்ள திலெம்சி பள்ளத்தாக்கில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கப்பட்டு, கண்டம் தாண்டி வந்துதான் நம் கூழ்ப்பானையில் விழுந்தது. அரிசியும் ஆசிய அரிசி அல்ல. நைஜர் வெள்ளநிலத்தில் அந்த மக்களே தேர்ந்தெடுத்து வளர்த்த தனி இனம். உள்ளே பொந்தான பெரிய மரம் ஒன்றில் நெசவாளி ஒருவர் தறி போட்டு நெய்துகொண்டிருந்ததையும் வழியில் பதூதா பார்த்தார்.

வலாட்டாவில் வாரிசுரிமை தாய்மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைக்குப் போவதைக் கண்டு வியந்து, மலபாரைத் தவிர வேறெங்கும் இதைப் பார்த்ததில்லை என்கிறார். பெண்கள் முகத்திரை இல்லாமல் ஆண் நண்பர்களோடு உட்கார்ந்து பேசியதை அவரால் கடைசிவரை ஏற்க முடியவில்லை. ஆனால் அவர் மனதாரப் புகழ்ந்தவையும் உண்டு. வழிப்பறி அச்சம் இல்லை. அயல்நாட்டு வணிகர் இறந்தால் அவருடைய பொருளை உரியவர் வரும்வரை யாரும் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் இடம் பிடிக்கத் தொழுகைவிரிப்போடு பையனை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். ஒரே ஒரு பழைய சட்டை உள்ளவர்கூட அதைத் துவைத்து வெள்ளையாக உடுத்து வருவார். நல்ல உடை உடுத்த இளைஞர் ஒருவரின் காலில் கனத்த விலங்கைக் கண்டு, யாரையாவது கொன்றுவிட்டாரா என்று பதூதா கேட்டார். அது புரிந்து அந்த இளைஞர் சிரித்தார்; கூட இருந்தவர் சொன்னார்: குர்ஆனை மனப்பாடம் செய்யும்வரை அந்த விலங்காம்.

டிம்பக்டு அந்தக் காலத்தில் தலைநகரம் அல்ல. பாலைவனத்தின் விளிம்பில் ஒரு சந்தை ஊர். ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. 1433இல் துவாரெக் மக்கள் பிடித்தார்கள். 1468இல் சொங்காய் அரசர் சுன்னி அலி வந்தார். 1591இல் மொரோக்கோவின் துப்பாக்கிப் படை சொங்காயை வீழ்த்தியது. ஊரின் பெரும் அறிஞர் அகமது பாபா விலங்கிடப்பட்டு மராக்கேஷுக்குக் கொண்டுபோகப்பட்டார். ஜிங்கரேபேரின் தென்பகுதி முழுவதையும், மேற்கில் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிய மதிலையும் 1570க்கும் 1583க்கும் இடையே கட்டியவர் எந்த அரசரும் அல்ல, ஊரின் காஜி அல் ஆகிப். மறைந்துபோன தலைநகரத்துக்கும் டிம்பக்டுவுக்கும் உள்ள வேறுபாடு இதில் இருக்கிறது. இங்கே சுவரைப் பார்த்துக்கொள்வது அரண்மனையின் பொறுப்பாக இருக்கவில்லை. கொத்தனார் குடும்பங்கள், காஜி, தெருவாசிகள் எல்லோரும் சேர்ந்து சுமந்த வேலை அது. அரசர்கள் வந்து போனார்கள், பூச்சுவேலை நிற்கவில்லை.

2012இல் ஆயுதக் குழுக்கள் ஊரைக் கைப்பற்றி, அவுலியாக்கள் எனும் இறைநேசர்களின் அடக்கத்தலங்களைக் கடப்பாறையால் இடித்தன. ஜிங்கரேபேரின் சுவரை ஒட்டியிருந்த இரண்டும் அந்த ஜூலையில் போயின. 2014 மார்ச்சில் உள்ளூர்க் கொத்தனார்கள் வேலையைத் தொடங்கினார்கள். அடித்தளத்தைத் தோண்டிக் கண்டுபிடித்தும், பழைய படங்களைப் பார்த்தும், முதியவர்களைக் கேட்டும் மண்ணால் திரும்ப எழுப்பினார்கள். 2015 ஜூலைக்குள் பணி முடிந்தது. இடிப்பை முன்னின்று நடத்திய அகமது அல் ஃபக்கி அல் மஹ்தி குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2016 செப்டம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அவருக்கு 9 ஆண்டு சிறை விதித்தது. அடுத்த ஆண்டு 27 லட்சம் யூரோ இழப்பீட்டையும் நிர்ணயித்தது. நீதிபதிகள் அந்தத் தலங்களின் பழமையை மட்டும் எடைபோடவில்லை. பெண்கள், முதியவர்கள், இளைஞர்கள் என்று டிம்பக்டு ஊரே சேர்ந்து அவற்றைப் பராமரித்து வந்ததையும் தீர்ப்பில் பதிவு செய்தார்கள்.