காகிதத்தில் ஏறிய பாட்டு

கரோல் ஷிமனோவ்ஸ்கி என்று ஒரு போலந்து இசையமைப்பாளர். பெரிய பண்ணை வீட்டில் வளர்ந்தவர். 1917 புரட்சியில் அந்த வீடு நாசமானது. பியானோவைக் குளத்தில் தள்ளிவிட்டார்கள் என்றுகூடச் சொல்வார்கள். மறு வருஷமே மனிதர் நம்ம தாகூரின் கவிதைகளை எடுத்து, குரலுக்கும் பியானோவுக்குமாக நாலு பாட்டு அமைத்தார். வீடு போய்விட்டது, பாட்டு இருக்கிறது. காரணம், காகிதம். ஸ்வரம் படிக்கத் தெரிந்த யாரும் இன்றைக்கும் அதைப் பாடலாம்.

நம்ம ஊரில்?

தூத்துக்குடியில் கோவில்பட்டி பஸ் ஏறி, வழியில் எட்டயபுரத்தில் இறங்குங்கள். பாரதி பிறந்த ஊர். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்ததும் இங்கேதான். அவர் பாட்டெல்லாம் வாய்வழிச் சொத்து. குரு பாட, சிஷ்யன் கேட்டுப் பாடம் பண்ண வேண்டும். சிஷ்யன் மறந்தால் பாட்டு போச்சு!

சென்னையில் சின்னசுவாமி முதலியார் என்று ஒருவர், 1890-களில் நம் கீர்த்தனைகளை மேல்நாட்டு முறையில் எழுதி அச்சிட ஆரம்பித்தார். ஆனால் பியானோக் கட்டைகள் மாடிப்படி மாதிரி. நம் ஸ்வரமோ சறுக்கு மரம். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கலை எப்படி எழுதுவது?

தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியின் பேரன், சுப்பராம தீட்சிதர். எட்டயபுரம் ஜமீன் வித்வான். முதலியாரின் தூண்டுதலில் உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொரு கமகத்துக்கும் தனி அடையாளம் போட்டார். 1904-ல் எட்டயபுரத்திலேயே, தெலுங்கு எழுத்தில், 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சானது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டுமே இருநூறுக்கும் மேல்.

அப்போது அவருக்கு வயது 65. இரண்டே வருஷத்தில், 1906-ல், காலமாகிவிட்டார். வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால்..?

நான் பி.காம். படித்தவன். சொத்து என்றால் கைமாறாமல் காப்பாற்றுவது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். குடும்பச் சொத்தை ஊருக்கே எழுதி வைத்து, அதனாலேயே காப்பாற்றிய ஒரே கணக்கு எனக்குத் தெரிந்து இதுதான்.

எங்கள் வீட்டிலும் ஒரு சொத்து இருந்தது. ஆச்சியின் தாலாட்டு. முத்துக் குளிக்கப் போன தோணிகள் எல்லாம் வரிசையாக வரும் அதில். வார்த்தைகளை அக்கா ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறாள். மெட்டு? அக்கா ஒரு மாதிரி பாடுகிறாள், அண்ணன் வேறு மாதிரி. "அப்படி இல்லலே, இந்த இடத்துல ஆச்சி இழுப்பா" என்று சித்தி மூன்றாவதாக ஒன்று பாடுகிறாள்.

எங்கே இழுத்தாள், எவ்வளவு இழுத்தாள்? சொல்ல வேண்டியவள் சுவரில், மாலைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.