எதற்காக வருகிறார்கள்?

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் வண்டிக்குக் காத்திருப்பவர்களைக் கவனித்தால் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவது காதில் விழும். எதிரே ரயில் நிலையம். நடந்து போகிற தூரத்தில் கிழக்கே கோட்டை. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பாதையில் மாநில எல்லை கிடையாது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் எல்லாமே ஒரே ராஜ்யத்தில்தான் இருந்தன. நாகர்கோவிலில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் மயிலாடி. கல்லில் சாமி சிலை செதுக்கும் சிற்பிகளால் பெயர் வாங்கிய ஊர். தென் திருவிதாங்கூரின் முதல் புராட்டஸ்டன்ட் தேவாலயம் எழுந்ததும் அங்கேதான்.

அதை எழுப்பியவர் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே. சைலீசியாவில் 1770-ல் பிறந்த ஜெர்மானியர். அவரை அனுப்பியது லண்டன் மிஷனரி சங்கம். திருவனந்தபுரத்தில் இன்றும் எல்.எம்.எஸ். என்று ஒரு சந்திப்புக்குப் பெயர் இருக்கிறதே, அந்தச் சங்கம்தான். மிஷனரிகள் எழுதி வைத்த நினைவுகளில் சாதாரணமாக ஆனந்தக் கண்ணீரும் ஞானஸ்நானக் கணக்கும் நிறைந்திருக்கும். ரிங்கல்தௌபேயின் நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் நிறைந்திருப்பது சந்தேகம்.

அவரை மயிலாடிக்கு வரவழைத்தவர் ஒரு விவசாயி. பெயர் மகாராசன். சாம்பவர் குலம். உறவுக்காரப் பையன் ஒருவனுடன் சிதம்பரத்துக்கு யாத்திரை கிளம்பினார். அவர்கள் போன்றவர்களுக்குக் கோயிலுக்குள் அனுமதி இல்லாத காலம். நந்தன் கதை நடந்த ஊருக்கே போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். வழியில் தஞ்சாவூர்ப் பக்கம் கோலாஃப் பாதிரியாரின் பிரசங்கத்தைக் கேட்டார். அங்கேயே தங்கினார். 1799-ல் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். சிதம்பரத்துக்குப் போனவர் பைபிளுடன் ஊர் திரும்பினால் வீட்டில் என்ன நடக்கும்? சிலர் கேட்டார்கள். சிலர் சேர்ந்தார்கள். மேல்சாதிக்காரர்களின் தொல்லை வந்தது. குடும்பங்களோடு தஞ்சாவூருக்கே குடிபெயர்ந்துவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு வந்தது. எங்களுக்கு ஒரு பாதிரியார் வேண்டும் என்று மறுபடியும் சோழ நாட்டுக்குப் போனார் வேதமாணிக்கம். தரங்கம்பாடியில் தமிழ் படித்துக்கொண்டிருந்த ரிங்கல்தௌபேக்கு அந்த அழைப்பு கிடைத்தது.

1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக அவர் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். மயிலாடியில் நூற்றுக்கணக்கானவர்கள் வேத வசனத்துக்காகத் தவித்துக் காத்திருப்பார்கள் என்ற எண்ணம் அவருக்கு. ஒரு மணி நேரம் சில குடும்பங்களை உட்கார வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. இதை அவர் மறைக்கவில்லை, எழுதி வைத்தார்.

தேவாலயம் கட்ட அனுமதி வேண்டும். அதற்குத் திருவனந்தபுரத்தில் திவான், கொச்சியில் ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் மெக்காலே என்று நடக்க வேண்டியிருந்தது. 'உமது மதம் எது?' என்று திவான் கேட்டாராம். 'கர்னல் மெக்காலேயின் மதம்' என்றாராம் பாதிரியார். 'அப்படி ஒரு மதம் இருப்பதே எனக்குத் தெரியாது' என்று பதில் வந்ததாம். ஞானஸ்நானத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த மனிதர் அதிகாரத்தின் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொண்டது வேடிக்கைதான். திவான் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமானது. வந்திருப்பது கடவுளா, கம்பெனியா?

விடை பீரங்கியின் வழியாக வந்தது. வேலுத்தம்பி தளவாய் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்தார். 1809 பிப்ரவரியில் ஆங்கிலப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. மார்ச்சில் மண்ணடியில் வேலுத்தம்பி உயிரை விட்டார். மே மாதம் மயிலாடி தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. செப்டம்பரில் பிரதிஷ்டை. தேதிகளை இப்படி அடுக்கிப் பார்ப்பது சில விசுவாசிகளுக்கு உவப்பாக இராது. ஆனால் தேதிகள் அப்படித்தான் இருக்கின்றன.

அதன் பிறகு கூட்டம் வந்தது. மயிலாடி போதாமல் தாமரைகுளம், ஈத்தாமொழி, கோவில்விளை என்று சபைகள் கிளைத்தன. அப்போதுதான் ரிங்கல்தௌபேயின் சங்கடம் முற்றியது. வந்தவர்களில் சாம்பவர்களும் நாடார்களும் அதிகம். தலைவரி அவர்களை அரித்துக்கொண்டிருந்தது. கூலியில்லாத ஊழியம் வேறு. அதிகாரி கூப்பிட்டால் வயலை விட்டுவிட்டுச் சுமை தூக்கப் போக வேண்டும். வழக்கு என்றால் கச்சேரியில் அவர்கள் பேச்சு எடுபடாது. அடிமை முறையைத் திருவிதாங்கூர் ஒழித்ததே 1855-ல்தான். வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் போனால் இதில் ஏதாவது ஒன்று குறையும் என்று அவர்கள் நினைத்தார்கள். குறையவும் செய்தது. கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது.

பாதிரியார் தயங்கினார். வரி குறையும், வழக்கு ஜெயிக்கும் என்று வந்தவர்களுக்கு உடனே தண்ணீர் தெளிக்க அவர் தயாராக இல்லை. காத்திருக்கச் சொன்னார். சேர்ந்துவிட்ட சில நூறு பேரிலேயே ஆத்ம ரட்சிப்புக்காக ஏங்குகிறவர்கள் மூன்று நான்கு பேர் தேறலாம், மற்றவர்கள் எதற்காக வந்தார்கள் என்பது வருடங்கள் கழித்துத்தான் தெரியும் என்ற பொருளில் ஊருக்கு எழுதினார். சங்கத்துக்கு நன்கொடை திரட்ட உதவாத கடிதம்.

இந்த நேர்மையைப் பாராட்டலாம். ஆனால் அவர் போட்ட கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. தலைவரியிலிருந்து விடுதலை வேறு, ஆத்மாவின் விடுதலை வேறு என்று பிரித்துப் பார்ப்பது ஹாலேயில் இறையியல் படித்தவருக்குச் சுலபம். ஞாயிற்றுக்கிழமை ஒருவன் கூப்பிட்டால் போகாமல் இருக்கலாம் என்பதே, அதுவரை ஒருநாளும் அப்படி இருந்திராதவனுக்கு வேதத்தின் முதல் அத்தியாயமாக இருந்திருக்கும். சிதம்பரத்துக்கு நடந்த மகாராசன் தேடியது எது? முக்தியா, மதிப்பா? அவரிடமே கேட்டிருந்தாலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

ரிங்கல்தௌபே மற்றவர்களிடம் கேட்ட கேள்விக்குத் தன் வாழ்க்கையில் பதில் வைத்திருந்தார். சிறு குடிசை, ஒரு கட்டில், இரண்டு முக்காலி. சம்பளத்தில் பெரும்பகுதி ஏழைகளுக்கே போனது. ஈரல் நோய் முற்றி 1816-ல் புறப்பட்டபோது உடம்பில் ஒரு நல்ல கோட்டுகூட இல்லை. சென்னையிலிருந்து கப்பல் ஏறியவர் எங்கே இறந்தார் என்பது யாருக்கும் தெரியாது. கல்லறை இல்லை.

போகும்போது சபைகளை அவர் ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடம். இரண்டு வருட காலம் அங்கே ஐரோப்பியர் யாரும் கிடையாது. ரெசிடெண்டின் தயவைத் தேடித்தரப் பாதிரியார் இல்லாத நிலையில், வசதிக்காக வந்தவர்கள் விலகிப் போக அது நல்ல சந்தர்ப்பம். 1818-ல் சார்லஸ் மீட் வந்து சேர்ந்தபோது சபை கலையாமல் இருந்தது.